கல்லாறில் திரும்பிய வண்டி

1. பாராட்ட வந்த போன்

திருவனந்தபுரம் தம்பானூரில் ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் டியூட்டி போடும் வேலையை நான் பல வருடம் பார்த்தேன். எந்த வண்டி எந்த டிரிப்புக்குப் போகும், எந்த டிரைவர் அதை எடுப்பார் என்று தீர்மானிப்பது என் வேலை. டிரைவர்கள் என்னை நேரில் ‘கோமதி அக்கா’ என்பார்கள். முதுகுக்குப் பின்னால் என்ன சொன்னார்கள் என்பதும் எனக்குத் தெரியும், அதை இங்கே எழுத முடியாது.

இப்போது ஆபீஸுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் போன் செய்து ஜிபிஎஸ் பற்றியும் ஆன்லைன் புக்கிங் பற்றியும் சந்தேகம் கேட்கிறார்கள். எனக்கே அது அரைகுறை. நான் அவர்களுக்குச் சொல்ல நினைப்பது வேறு விஷயம், அது எங்கள் டிரைவர் தாணு அண்ணாச்சியைப் பற்றியது.

எங்கள் தொழிலில் போன் வந்தால் புகார்தான். ஏசி வேலை செய்யவில்லை, டிரைவர் கோபப்பட்டார், கோவளத்தில் இறக்கிவிட்டுத் தூங்கப் போய்விட்டார், இப்படி ஏதாவது இருக்கும். பாராட்ட யாரும் காசு செலவழித்துப் போன் செய்வதில்லை. அன்றைக்கு மதுரைக்காரர் ஒருவர் லாட்ஜிலிருந்து கூப்பிட்டு, “மேடம், ஒங்க டிரைவரு ரொம்பத் தமாசான ஆளுங்க” என்றார்.

அவர் குடும்பத்தை அண்ணாச்சி டெம்போ டிராவலரில் பொன்முடிக்குக் கூட்டிப் போயிருந்தார். மலையிலிருந்து இறங்கி, அடிவாரத்துக் கல்லாறில் டீ குடிக்க நிறுத்தியிருக்கிறார். எல்லோரும் ஏறியதும் வண்டியை எடுத்தவர் ஊரைப் பார்த்து வராமல் மறுபடி மலையைப் பார்த்து ஏறியிருக்கிறார். ரெண்டு மூன்று வளைவு தாண்டியதும்தான் பின்னால் இருந்தவர்கள், அண்ணே, மேலே போய்ப் பார்த்து முடித்தாயிற்றே என்று கேட்டிருக்கிறார்கள். “மஞ்சு இப்பத்தான் அழகா எறங்குது, பிள்ளைக இன்னொரு தடவ பாக்கட்டும்” என்று மலைமேல் பனிமூட்டத்தைக் காட்டி அண்ணாச்சி சொன்னாராம். வண்டியில் ஒரே கைதட்டலாம்.

மதுரைக்காரர் போனிலும் சிரித்தார். நானும் ஒப்புக்குச் சிரித்து நன்றி சொல்லி வைத்தேன். வைத்த பிறகு டியூட்டி நோட்டைப் புரட்டி அந்த டிரிப்பைத் தேடினேன்.

2. அந்த மனிதர் அப்படிப்பட்டவர் இல்லை

தாணு அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். இளவயதிலேயே திருவனந்தபுரம் வந்து அம்பாசடர் ஓட்டத் தொடங்கி, பிறகு வந்த அத்தனை வண்டிகளையும் ஓட்டியவர். எங்கள் ஆபீஸில் சீனியர். மலை டிரிப் என்றால் பழைய கஸ்டமர்கள் அவர் பெயரைச் சொல்லியே கேட்பார்கள். அவரிடம் ஒரே குறை, டீசல் விஷயத்தில் மகா கஞ்சன். வண்டி முதலாளியுடையது, டீசலும் முதலாளியுடையதுதான், ஆனாலும் வண்டி நிற்கும்போது ஏசி ஓடினால் அவருக்கு நெஞ்சு வலிக்கும். கெஸ்ட் ஏறிய பிறகுதான் போடுவார். “இங்க என்ன மீனா வெச்சிருக்கோம், ஐசுல கிடக்க?” என்பார்.

அப்படிப்பட்ட ஆள் மஞ்சு பார்க்கவென்று ஒரு வளைவு வீணாக ஏறுவாரா? அங்கேதான் எனக்கு இடித்தது. முதலாளி சசி சாரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர், ஆனால் எதையும் பெரிதுபடுத்தாதவர். “கோமதி, அது தமாஷ் அல்லே? கெஸ்டுக்கு சந்தோஷம். பின்னே நமக்கு எந்தா பிரச்சனை?” என்று வேறு வேலைக்குப் போய்விட்டார்.

கல்லாறு வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். பொன்முடி போகும் டிரைவர்கள் எல்லோரும் அங்கே ரெண்டு தடவை நிறுத்துவார்கள். ஏறும்போது ரேடியேட்டர் தண்ணீரும் பிரேக்கும் பார்க்க. வளைவுகளில் வாந்தி வரும் என்று பயப்படுகிறவர்களுக்கு மாத்திரை போடவும் அதுதான் நேரம். இறங்கும்போது பிரேக் சூடு ஆற. அதே டீக்கடை, அதே பெஞ்ச், அதே ஆற்றுச் சத்தம். வண்டியின் மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது ஒன்றுதான் வித்தியாசம். அன்றைக்கு விடுமுறைக் கூட்டம். ரோட்டோரத்தில் இடமில்லாமல் அண்ணாச்சி டீக்கடையின் பக்கவாட்டுச் சந்தில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்தியிருக்கிறார். சீட்டில் உட்கார்ந்தால் ரோடு குறுக்கே கிடக்கும். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஊர். நம்மைப் போன்றவர்களுக்கு அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

3. எல்லோரும் பிரியமாக மறைத்தது

மறுநாளிலிருந்து அவரைக் கவனிக்கத் தொடங்கினேன். கவனித்தபோது, ஏற்கெனவே பார்த்துப் பார்த்து விட்டுவிட்ட பலதும் நினைவுக்கு வந்தது.

எங்கள் டிரைவர்கள் டிரிப் இல்லாத நேரத்தில் ஷெட்டில் இருபத்தெட்டு ஆடுவார்கள். எந்தச் சீட்டு விழுந்தது, துருப்பு யார் கையில் என்று மனதில் வைத்துக்கொண்டே ஆட வேண்டிய ஆட்டம். அதில் அண்ணாச்சியை ஜெயிக்க ஆள் கிடையாது. அவர் ஆடுவதை நிறுத்திச் சில மாதம் ஆகியிருந்தது. கேட்டால் கண் சரியில்லை என்பார். கண் சரியில்லாதவர் பேப்பரில் பொடி எழுத்தில் வரும் லாட்டரி ரிசல்ட்டைக் கண்ணாடி இல்லாமல் படித்துக்கொண்டிருந்தார்.

ஏர்போர்ட் பிக்கப்புக்குப் போனால், கெஸ்ட் பெயர் என்ன என்று எனக்குப் போன் செய்வார். சொல்வேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி, கெஸ்ட் பெயர் என்ன என்பார். பெயரை மறப்பது ஒன்றும் அதிசயமில்லை. வடநாட்டுப் பெயர்களை நானே தினமும் மறந்தேன். ஆனால் மறந்ததைக் கேட்பவன், “அய்யோ, திரும்பவும் கேக்கேன் பாரு” என்பான். அண்ணாச்சி ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் முதல் தடவை கேட்பதுபோல் கேட்டார்.

இன்னொன்று. ரெண்டு வண்டி சேர்ந்து போகும் டிரிப்பில் அண்ணாச்சி எப்போதும் முன்னால்தான் போவார். பின்னால் போகிறவன் புகை குடிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. இப்போது பிஜுவின் வண்டிதான் முன்னால் போகிறது. பிஜு கொல்லத்துக்காரன், அண்ணாச்சியிடம் தொழில் பழகியவன், அவர்மேல் உயிர். அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“அண்ணாச்சிக்கு ராத்திரி சரியா உறக்கம் இல்ல அக்கா. அதான் ஞான் முன்ன போறது. சசி சார்ட்ட சொல்லாதீங்க” என்றான்.

அவன் பாசத்தில் செய்தான். அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை, ஆனால் திட்டினேன்.

4. மைனியின் போன்

ஞாயிற்றுக்கிழமை கரமனையில் அவர் வீட்டுக்குப் போனேன். கையில் ஒரு பாக்கெட் ஏத்தங்காய் சிப்ஸ். அண்ணாச்சி கோயிலுக்குப் போயிருந்தார். அவர் மனைவி பகவதி எனக்கு மைனி முறை. நாங்கள் ரத்த சொந்தமில்லை, ஆனாலும் அவள் கைக் குழம்பை அவ்வளவு தின்றிருக்கிறேன்.

மதுரைக்காரர் சொன்னதைச் சொன்னேன். மைனி சிரிக்கவில்லை. உடனே எழுந்து அடுப்படிக்குப் போய், கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். அவளாகவே சொன்னாள்.

டிரிப் போகும் நாளெல்லாம் அவள் அவருக்குப் போன் செய்வாளாம். சாப்பிட்டீங்களா என்று தொடங்கி, “பொன்முடி பாத்து முடிஞ்சிருக்கும். இனி நேரா தம்பானூர் வந்து ஆளை எறக்கிட்டு வீட்டுக்கு வாங்கோ” என்று முடிப்பாளாம். அவர் கேட்காமலே அவள் சொல்வாள். அப்படிச் சொன்னால் அவருக்கு முகம் தெளிகிறது என்று எப்போதோ கண்டுபிடித்திருக்கிறாள். வீட்டிலும் அப்படித்தான். சாலை மார்க்கெட்டுக்கு அனுப்பினால் வழியில் ஒரு தடவை கூப்பிடுவாள்.

“அன்னைக்கும் விளிச்சேன் கோமதி. கல்லாறுல ரேஞ்சு இல்ல. கிடைக்கவே இல்ல” என்றாள்.

எனக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியது. அத்தனை நாளும் அந்த வண்டியை ஓட்டியதில் பாதி மைனி. அன்றைக்கு மைனி வண்டியில் இல்லை.

வயசானால் இப்படித்தான், என் மாமனாரும் இப்படித்தான் இருந்தார், ஒன்றும் ஆகவில்லை என்று மைனி சொல்லிப் பார்த்தாள். உங்கள் மாமனார் டெம்போ டிராவலர் ஓட்டவில்லை மைனி என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் மனசு நோகாமல் செய் என்றாள்.

5. ஆணியில் சாவி இல்லை

அந்த வாரம் சனிக்கிழமை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பொன்முடி டிரிப் புக் ஆகியிருந்தது. டீச்சர் போன வருடம் போலவே தாணு அண்ணாச்சி வேண்டும் என்று கேட்டிருந்தார். சாவியை அவரிடம் கொடுப்பதா இல்லையா என்பது என் கையில் இருந்தது. கொடுத்தால் அத்தனை குழந்தைகளும் அந்த வளைவுகளில். கொடுக்காவிட்டால் அண்ணாச்சிக்கு என்ன மிச்சம் இருக்கும்? துபாயில் இருக்கும் மகன் போதும் போதும் என்று பல நாளாகச் சொல்கிறான். காசுக்காக அவர் ஓட்டவில்லை. ஸ்டியரிங்கில் உட்கார்ந்தால்தான் அவருக்கு அவர் அவராக இருந்தது.

சாவி எல்லாம் ஆபீஸ் சுவரில் ஒரு பலகையில், வண்டிக்கு ஒரு ஆணி என்று தொங்கும். காலையில் முதலில் வருகிறவர் அண்ணாச்சிதான். நெற்றியில் விபூதியோடு வந்து, தன் சாவியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார். திங்கட்கிழமை நான் அவருக்கு முன்னால் வந்து அந்தச் சாவியை எடுத்து என் மேஜை டிராயரில் வைத்திருந்தேன்.

வந்தார். காலி ஆணியைப் பார்த்து நின்றார். “என்ன பிள்ளே, எஞ்சாவிய எலி கொண்டு போச்சா?” என்றார்.

எலி இல்லை, நான்தான் எடுத்தேன், உட்காருங்கள் என்றேன். உட்கார்ந்தார். கல்லாறில் என்ன நடந்தது என்று கேட்டேன். மஞ்சு, பிள்ளைகள், அழகு என்று அதே கதையைத் தொடங்கினார். நான் சிரிக்கவில்லை. சிரிக்காமல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பாதிக் கதையில் நிறுத்திவிட்டார்.

“அண்ணாச்சி, ஏசிய சும்மா ஓட விடாத ஆளு நீங்க” என்றேன்.

வெளியே ரயிலுக்குப் போகிறவர்கள் பெட்டி இழுக்கிற சத்தம் கேட்டது. அவர் இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டார்.

“சாயா குடிச்சிட்டு வந்து ஸ்டியரிங்கப் பிடிச்சேன் கேட்டியா. ரோடு குறுக்க கிடக்கு. ஏறணுமா எறங்கணுமான்னு தெரியல. ஒண்ணுமே தெரியல பிள்ளே. பின்னால அத்தன பேரு இருக்கு. யார்ட்ட கேப்பேன்? டிரைவர் வழி கேக்கலாமா?”

கேட்டிருக்கலாம் அண்ணாச்சி என்றேன். உனக்கென்ன, லேசாகச் சொல்லிவிடலாம் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மலைப்பாதையில் எனக்கு என்ன தெரியும், உண்மைதான்.

சாவியைத் தர மாட்டேன் என்று சொல்ல நான் ராத்திரி முழுக்க வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். அவற்றுக்கு வேலை வரவில்லை. அவரே பேசினார்.

“சனியாழ்ச பள்ளிக்கூடப் பிள்ளைக போறது என் வண்டியா?”

ஆமாம் என்றேன்.

“அப்ப அது ஒங்கிட்டயே இருக்கட்டு. பிஜுக்குக் குடு. அவன் வளைவுல ஹாரன் அடிக்க மாட்டான், சொல்லிக் குடு” என்று எழுந்து வெளியே போனார். போய் வழக்கம்போல அந்த வண்டியின் முன்கண்ணாடியைத் துடைத்தார். நான் மேஜையில் தலையை வைத்து அழுதேன். பிஜு வந்து என்னவென்று கேட்டான். தலைவலி என்றேன்.

6. டாக்டர் ரூமில்

சசி சாரிடம் நடந்ததைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு அவரே வண்டி கொடுத்தார். மைனியும் நானும் கூடப் போனோம்.

டாக்டரம்மா சின்ன வயதுக்காரர், பொறுமைசாலி. அண்ணாச்சியிடம் ஒரு கேள்வி கேட்டால் மைனி பதில் சொன்னாள். இன்னொன்று கேட்டார், அதற்கும் மைனி. “அம்மா, சார் பறயட்டே” என்று, அவரே சொல்லட்டும் என்ற அர்த்தத்தில், டாக்டர் சிரித்துக்கொண்டே மைனியை என் பக்கத்தில் உட்கார வைத்தார். மைனி வாயைப் பொத்திக்கொண்டாள். பழக்கதோஷம், கை மட்டும் அவருக்குச் சைகை செய்துகொண்டே இருந்தது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு கடிகாரம் வரையச் சொன்னார்கள். அண்ணாச்சி வட்டத்தை அழகாகப் போட்டார். எண்களெல்லாம் ஒரு பக்கமாகப் போய்க் குவிந்தன. பார்த்துவிட்டு, “இது நம்ம பழய அம்பாசடர் மீட்டர் மாதிரில்லா இருக்கு” என்றார். டாக்டரும் சிரித்தார். ஆனால் அவர் கண் அந்தப் படத்தை விட்டு நகரவில்லை.

தைராய்டு, பி12, ஸ்கேன் என்று பலதும் எடுத்தார்கள். சத்துக் குறைவாலும் தைராய்டாலும் மனச்சோர்வாலும் கூட இப்படி மறதி வருமாம், அவற்றைச் சரிசெய்தால் தேறுகிறவர்கள் உண்டாம். அதனால்தான் நாமாக முடிவு கட்டாமல் சீக்கிரம் வந்து காட்ட வேண்டும் என்றார். அண்ணாச்சிக்கு அது எதுவும் இல்லை. டிமென்ஷியா, ஆரம்ப நிலை. மாத்திரை கொஞ்சம் உதவும், குணமாகாது, வண்டி இனி ஓட்டக்கூடாது.

வெளியே வரும்போது டாக்டர் என்னிடம், பெரும்பாலானவர்களை வீட்டார் ரொம்பப் பிந்தித்தான் கூட்டி வருகிறார்கள், நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். டீசல் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

7. கழுதை ஆட்டம்

அண்ணாச்சி வேலையை விட்டார், ஷெட்டை விடவில்லை. காலையில் மைனி அவரை ஆட்டோவில் ஏற்றிவிடுவாள், இங்கே பிஜு இறக்கிக்கொள்வான். வண்டி வண்டியாகக் கண்ணாடி துடைப்பார். ஏசி சும்மா ஓடினால் கண்ணாடியில் தட்டித் திட்டுவார். அது மட்டும் கடைசிவரை மறக்கவே இல்லை.

ஒருநாள் ஷெட்டுப் பக்கம் போனால், தடித்தடி ஆண்பிள்ளைகள் உட்கார்ந்து ‘கழுதை’ ஆடிக்கொண்டிருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் ஆடும் சீட்டாட்டம். துருப்பு கிடையாது, எதையும் மனதில் வைக்க வேண்டாம், கீழே என்ன விழுகிறதோ அதே ஜாதிச் சீட்டைப் போட்டால் போதும். நடுவில் அண்ணாச்சி. கடைசிச் சீட்டு பிஜு கையில் மாட்டியதும், “லே, கழுத” என்று அவர் சிரித்த சிரிப்பு ரோடுவரை கேட்டது. இருபத்தெட்டு என்ன ஆச்சு என்று பிறகு பிஜுவிடம் கேட்டேன். போரடித்துவிட்டது அக்கா என்றான். இப்படியும் பொய் சொல்லத் தெரிந்த பையன்.

நான் ரிட்டயர் ஆனபோது டிரைவர்கள் எல்லோரும் சேர்ந்து என்னைப் பொன்முடிக்குக் கூட்டிப் போனார்கள். ஆபீஸில் இத்தனை வருடம் ஆட்களைப் பொன்முடிக்கு அனுப்பினேனே தவிர, நான் போனதென்னவோ அபூர்வம். அண்ணாச்சியும் மைனியும் வந்தார்கள். முன்சீட்டில் பிஜுவுக்குப் பக்கத்தில் அண்ணாச்சி. வளைவுக்கு வளைவு, ஹாரன் அடி, ஹாரன் அடி என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

புதிதாக டியூட்டி போட வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். மறப்பதை வைத்துப் பயப்படாதீர்கள், எல்லோரும் மறக்கிறோம். ஒரு மனிதர் தன் குணத்துக்கு ஒவ்வாத ஒன்றைச் செய்துவிட்டு அதைத் தமாஷாக்கினால், விரும்பிச் செய்த ஒன்றைச் சும்மா ஒரு காரணம் சொல்லி நிறுத்தினால், அவர் பதிலை வேறொருவர் சொல்லத் தொடங்கினால், கொஞ்சம் பக்கத்தில் போய் உட்காருங்கள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அதைவிட முக்கியம், வழி தெரியவில்லை என்று அவர் கூச்சப்படாமல் உங்களிடம் சொல்லும்படி இருங்கள். எங்கள் அண்ணாச்சிக்குக் கல்லாறில் அப்படி ஒருவரும் இல்லை.

இறங்கும்போது கல்லாறில் நிறுத்தினோம். அதே டீக்கடை. பிரேக் வாடை லேசாக வந்தது. டீ குடித்து முடித்து எல்லோரும் ஏறி உட்கார்ந்தோம். அன்றும் கூட்டம்தான், வண்டி சந்தில்தான் நின்றது, ரோடு குறுக்கே கிடந்தது. பிஜு சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்தான். அண்ணாச்சி இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். மைனியின் கை என் கையை இறுக்கியது. வாயைத் திறக்கப் போனவளை நான் வேண்டாம் என்று தலையசைத்தேன்.

“லே பிஜு, நாம ஏறணுமா எறங்கணுமா?” என்று அண்ணாச்சி எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. பிஜு சாதாரணமாக, “எறங்கணும் அண்ணாச்சி. மேல போய்ட்டு வந்தாச்சு” என்றான்.

“அப்ப பிரேக்கு இன்னும் கொஞ்சம் ஆறட்டு. வண்டிய ஆஃப் பண்ணு. எனக்கு இன்னொரு சாயா சொல்லு” என்றார்.

இன்ஜினை அணைத்தான். எல்லோரும் மறுபடி இறங்கி இன்னொரு டீ குடித்தோம்.